தனி ராஜ்யத்துக்கு ஒரு அம்மி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
11 பிப்ரவரி 1937

அத்தானுக்குப் புஷ்பவல்லி எழுதுவது.

கப்பல் வந்து சேர்ந்தது. நானும் வந்து சேர்ந்தேன். உங்கள் பிள்ளை உள்ளே பத்திரமாக உதைத்துக்கொண்டிருக்கிறது. நல்ல சேதியை முதலில் சொல்லிவிட்டேன், இனிமேல் சண்டை போடலாம்.

பெண்டாட்டியை வழியனுப்ப வந்தவர் கப்பல் நகரும் வரைக்குமாவது நிற்க வேண்டாமா? சங்கு ஊதியதும் திரும்பிப் பார்க்கிறேன், உங்கள் குடை மட்டும் ரங்கூன் துறைமுகக் கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "யாரும்மா அது, உன் வீட்டுக்காரரா? இம்புட்டு அவசரமாப் போறாரு?" என்று கேட்டாள். "தபாலாபீசில் கடிதமெல்லாம் அவரைக் காணோம் என்று அழும்" என்றேன். அழுதது யார் என்று எனக்குத் தெரியாதா? வெயிலும் இல்லை, மழையும் இல்லை, குடை எதற்கு?

அப்பா துறைமுகத்துக்கே வந்திருந்தார். பக்கிரிசாமி மேஸ்திரி என்றால் ரயில்வே பட்டறையில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், ரயிலே தன்னுடையது என்று அவருக்கு நினைப்பு. கிள்ளானில் வண்டி நின்றபோது என்ஜின் டிரைவரைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கு, குலுக்காம ஓட்டுப்பா" என்றார். எனக்கு மானமே போயிற்று. ஆனால் வண்டி குலுங்கவில்லை.

குவார்ட்டர்ஸில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மா என்னை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்துக் கந்தையா கிராணி; இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். அவர் மனைவி குணபூசணி அக்கா ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவள். தினமும் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "எல்லாம் வடிவாயிருக்கு, பயப்பிடாதையும்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

பகலில் கண்ணயர்ந்தால் இரண்டு ஊரும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நேற்று இந்த வீட்டின் பின்கதவைத் திறக்கிறேன், நம் ரங்கூன் தெரு இருக்கிறது. நீங்கள் நனைந்துகொண்டு வருகிறீர்கள். "கதவை எப்போது இங்கே மாற்றினாய்?" என்று கேட்கிறீர்கள். நான் பதில் சொல்வதற்குள் ரயில் ஊதிற்று, விழித்துவிட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரி கண்ட கனவை வெளியே சொல்லக் கூடாது என்கிறாள் அம்மா. நீங்கள் வெளியா என்ன?

இங்கே வருகிறவர் எல்லோருக்கும் ஒரே கேள்வி. "உங்க ஊரு ஏப்ரல்லேருந்து இந்தியாவை விட்டுப் பிரிஞ்சி தனி ராஜ்யமாப் போவுதாமே, அப்புறம் ரங்கூன் அரிசி வருமா?" நான் என்ன பர்மா கவர்னரா?

பிரசவத்துக்கு வருவீர்களா? வாருங்கள்.

புஷ்பவல்லி


ரங்கூன்
24 பிப்ரவரி 1937

என் புஷ்பத்துக்கு,

குடைக்குள் நான் அழவில்லை. தூசி.

நீ போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. ஒரு தம்ளரை நகர்த்தினால்கூட அடுத்த அறை வரை சத்தம் கேட்கிறது. சோறு நானே வடிக்கிறேன். கஞ்சியையும் சோற்றையும் பிரிக்கிற இடம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

பிரிப்பது என்றதும் ஆபீஸ் ஞாபகம் வருகிறது. இத்தனை நாளும் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் ஒரே தபால் இலாகா. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வேறு வேறு. அதனால் மேசை, நாற்காலி, அரக்கு, கோந்து, சாக்கு, சணல் எல்லாவற்றையும் பாகம் பிரிக்கிறார்கள். நேற்று சுவர்க் கடிகாரத்தில் வந்து நின்றது வழக்கு. கடிகாரம் கல்கத்தாவிலிருந்து வந்ததாம், ஆகவே இந்தியாவுடையதாம். மாட்டிய ஆணி இங்கே வாங்கியது, ஆகவே பர்மாவுடையதாம். பேசிப் பேசிக் கடைசியில் கடிகாரத்தைக் கழற்றிக் கீழே வைத்தார்கள், அது நின்றுபோயிற்று. இன்று சாப்பாட்டு நேரத்தை அவரவர் வயிற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

சிரிப்பாக எழுதுகிறேன், ஆனால் அடுத்தது மனிதர்களைப் பிரிக்கப் போகிறார்கள். இந்தியப் பக்கம் போகிறவன் மெட்ராஸுக்கு மாற்றலாக வேண்டும். பர்மாப் பக்கம் இருக்கிறவன் இங்கேயே. யாருக்குக் குடும்பம் இங்கே நிலைத்திருக்கிறதோ அவனுக்கு இங்கே வேலை நிலைக்குமாம். எங்கள் தலைமைக் குமாஸ்தா கோ தின் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரிப்பார். 'கோ' என்றால் பர்மியர் பாஷையில் அண்ணன் மாதிரி. நல்ல மனிதர்.

நான் என்ன சொல்வது, புஷ்பம்? நான் பிறந்தது இங்கே. என் அப்பா வந்த கும்பகோணத்துப் பக்கத்தை நான் பார்த்ததில்லை. நீ பிறந்தது பிரிக்பீல்ட்ஸில், நீயும் பார்த்ததில்லை. நாம் இரண்டு பேருமே பார்க்காத ஊர்தான் நம் சொந்த ஊர் என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குத் தூக்கத்தில் யாரோ பெயர் மாற்றிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் முதல் தேதி வெளியூரில் இருக்கிறவர்கள் அப்புறம் உள்ளே வரத் தனிச் சீட்டு வேண்டும் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு. மெய்யோ பொய்யோ. அதற்கு முன்னால் நீ திரும்பி வந்துவிட முடியாதா? கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்கிறேன்.

ராதாகிருஷ்ணன்


பிரிக்பீல்ட்ஸ்
9 மார்ச் 1937

அத்தான்,

உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கிறதா? இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் கப்பல் தளத்தில் படுத்து வர வேண்டுமா? குணபூசணி அக்காவிடம் சொன்னேன். "உம்மடை மனுசனுக்கு விசரோ?" என்றாள். விசர் என்றால் பைத்தியம். யாழ்ப்பாணத்துத் தமிழில் திட்டினால் கொஞ்சம் அழகாகத்தான் இருக்கிறது.

திட்டி முடித்தேன். இப்போது நயமாக ஒன்று சொல்கிறேன், கோபிக்காமல் படியுங்கள்.

அப்பா உங்களுக்காக இங்கே தபாலாபீசில் பேசியிருக்கிறார். தமிழும் இங்கிலீஷும் தெரிந்து, கடிதம் பிரிக்கிற பழக்கமும் உள்ள ஆள் வேண்டுமாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி அறையாக்கித் தருகிறேன் என்கிறார். "அங்க நாடு ரெண்டாப் போவுது, இங்க வந்து நிம்மதியா இருக்கச் சொல்லும்மா" என்றார். பலகைகூட வாங்கிப் போட்டாயிற்று.

நேற்றுச் சாயங்காலம் பெரிய மழை. கிள்ளான் ஆறு கரை வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறை கட்டியாயிற்று, நீங்கள் உள்ளே இருந்து இருமுகிறீர்கள், நான் காபி எடுத்து வருகிறேன் என்று தோன்றிற்று. தம்ளரின் சூடுகூடக் கையில் தெரிந்தது, அத்தான். அப்படியே இருந்துவிடலாமே.

புஷ்பவல்லி


ரங்கூன்
20 மார்ச் 1937

புஷ்பவல்லிக்கு,

உன் தகப்பனார் பலகை வாங்கியது சரி. என்னை எந்த விலைக்கு வாங்குவதாக உத்தேசம்?

என் சித்தப்பா வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர். கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு பெயர் இருந்ததாக அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. மாமனார் பெயரைச் சொல்லி, "அவர் மருமகன்" என்பார்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கூப்பிடுவார்கள். கூப்பிட மறந்துபோன நாளும் உண்டு, அன்று நடந்தே நம் வீட்டுக்கு வந்துவிடுவார். என் அம்மா சோறு போடும்போது அவர் தலை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

நாடு என்னைத் தள்ளினாலும் தள்ளட்டும். மாமனார் வீட்டுச் சாய்ப்பில் நான் இரும மாட்டேன். இதைப் பற்றி இனிமேல் எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராதாகிருஷ்ணன்


ரங்கூன்
7 ஏப்ரல் 1937

என் கண்ணே, என் புஷ்பமே,

தந்தி வந்தது! பெண்! தாயும் சேயும் சுகம்! தந்தியில் இருந்தது அவ்வளவுதான், அதையே எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ஆபீஸ் முழுக்கச் சர்க்கரை வாங்கிக் கொடுத்தேன். கோ தின் என் தோளைப் பிடித்து உலுக்கி, "இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டார். சம்பிரதாயமாகக் கேட்கிறார் என்று சிரித்தேன்.

போன கடிதத்தில் எழுதியதற்காக என்னைத் திட்டு. நீ அப்படிப்பட்ட நிலையில் இருக்கும்போது அப்படி எழுதியிருக்கக் கூடாது. சொன்ன விஷயம் மாறவில்லை, ஆனால் சொன்ன விதத்துக்கு நான் வெட்கப்படுகிறேன்.

பர்மா தனியாகப் போன நாள் எப்படி இருந்தது என்று கேட்பாய். விடிந்தது. டிராம் ஓடிற்று. புத்தர் கோயில் தங்கக் கோபுரம் இருந்த இடத்தில் இருந்தது. பழைய தபால்தலையிலேயே ராஜா முகத்துக்கு மேல் பர்மா என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அவருக்கு ஒன்றும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. கடிகாரத்தை மறுபடியும் அதே ஆணியில் மாட்டிவிட்டோம்.

ஆபீசை விட்டு ஆற்றங்கரைக்குப் போனேன். ஐராவதியிலிருந்து பிரிந்து வருகிற தண்ணீர் எந்தப் பக்கத்து ஆளும் இல்லாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றதில் எனக்குக் காலடியில் மண் இருப்பதே மறந்துபோயிற்று. நம் பெண்ணுக்கு ஐராவதி என்று பெயர் வை. யாருக்கும் பிடிக்காவிட்டாலும் வை.

உன் அத்தான்


பிரிக்பீல்ட்ஸ்
22 ஏப்ரல் 1937

அத்தானுக்கு,

உங்கள் மகள் ஐராவதி நமஸ்காரம் சொல்கிறாள். பதினாறாம் நாள் பெயர் வைத்தோம். "ஆத்துப் பேரையா வைக்கிறது?" என்று அப்பா முகத்தைச் சுளித்தார். "கங்கா, காவேரி எல்லாம் என்ன, மலையா?" என்று கேட்டேன்.

உங்கள் மூக்கு. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது உங்கள் சாமர்த்தியத்தைப் பற்றி. சந்தோஷத்தில் பர்மா என்று அச்சடிக்காத பழைய இந்தியத் தலையை ஒட்டி அனுப்பிவிட்டீர்கள்! தபால்காரர் வாசலில் நின்று, இந்தத் தலை செல்லாது, அபராதம் கட்டினால்தான் கடிதம் என்கிறார். அப்பா கட்டினார். கட்டிவிட்டு விளக்கு வைக்கிற வரை வந்தவர் போனவரிடமெல்லாம், "எங்க மாப்பிள்ளைக்கு எங்க வேலைங்கிறீங்க? தபாலாபீசுலதான்!" என்று சொல்லிச் சிரித்தார். நானும் முதலில் சிரித்தேன். மூன்றாவது ஆளிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

இவள் எந்த நாட்டுப் பிள்ளை என்று ஒரு வழக்கு நடந்தது. தகப்பன் பர்மாவில், தாத்தா இந்தியா, பிறந்தது சிலாங்கூர் சுல்தான் நாட்டில். கந்தையா கிராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதிலை என்ன யோசினை? இது சுல்தான்ரை மண். பிள்ளை ராசாவின்ரை பிள்ளை" என்று தீர்ப்புச் சொன்னார். ராஜா வீட்டுப் பிள்ளை அப்போதே அவர் வேட்டியை நனைத்தாள்.

பத்திய மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றாகிவிட்டன. பால் கொடுத்துக்கொண்டே தூங்குகிறேன். தூக்கத்தில் கடல் நடுவே ஒரு கதவு, அங்கே ஒரு மேசை, ஒரு துரை. "எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார். பிள்ளை பசிக்கு அழுகிறது, நான், "முதலில் உட்கார ஒரு நாற்காலி கொடுங்கள்" என்கிறேன்.

நீங்கள் எந்தப் பக்கம் சொன்னீர்கள்?

புஷ்பவல்லி


ரங்கூன்
10 மே 1937

என் புஷ்பம்,

நான் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. எனக்காகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் காய்ச்சல் கண்டு வீட்டில் கிடந்த நாட்களில் எங்கள் ஆபீஸ் துரை வந்து ஒவ்வொருவர் குடும்பமும் எங்கே என்று கோ தின்னைக் கேட்டிருக்கிறார். என் முறை வந்ததும் கோ தின், "இவன் மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், பிள்ளையும் அங்கேதான் பிறந்தது" என்று சொன்னார். துரை என்னை இந்தியப் பக்கம் போட்டுவிட்டார். ஜூலை கடைசி வாரக் கப்பலில் மெட்ராஸ்.

நான் ஓடிப்போய்க் கோ தின் சட்டையைப் பிடிக்காத குறை. "தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது எங்கள் வழக்கம்! பிரசவம் ஆனதும் திரும்பி வருவாள்! அதற்குள் குடும்பமே போய்விட்டதாகச் சொல்லலாமா?" என்றேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "உனக்கு நல்லது செய்கிறேன் என்றல்லவா நினைத்தேன்? எங்கள் வழக்கத்தில் கல்யாணமான புதிதில் ஆண்பிள்ளைதான் பெண்ணின் தாய் வீட்டுக்குப் போய் இருப்பான். உன் வீடு அவள் இருக்கிற இடம். நீ வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறாய், நான் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று நினைத்தேன்" என்றார். "ஆனால் அவள் மெட்ராஸில் இல்லையே, மலாய் நாட்டில் அல்லவா இருக்கிறாள்!" என்றேன். "அதுவும் கடலுக்கு அப்பால்தானே" என்றார் பாவம்.

மனசு கேட்காமல் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். அது அவர் மாமியார் வீடு. கல்யாணமான நாள் முதல் அங்கேதான் இருக்கிறாராம். கிழவி முதல் கரண்டிக் குழம்பை அவர் தட்டில்தான் ஊற்றினாள். ஓட்டை விழுந்த கூரையைப் பற்றி அவரிடம்தான் யோசனை கேட்டாள். சாப்பிட்ட பிறகு நான் மெல்ல, "உங்களுக்கு இங்கே இருக்க வெட்கமாக இல்லையா?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார். தன் மனைவியிடம் ஏதோ கேட்டார். இரண்டு பேரும், காய்ச்சல் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது வழி தெரிந்தும் தெரியாத மாதிரி நடந்தேன். இத்தனை வருஷமாக ஒரு பூட்டைச் சுமந்திருக்கிறேன், அது எந்தக் கதவுக்கும் இல்லை என்று தோன்றிற்று.

நீயும் பிள்ளையும் ஜூன் முடிவதற்குள் இங்கே வந்துவிட்டால், துரையிடம் தானே போய்த் தப்பை ஒப்புக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்கிறார் கோ தின். இல்லாவிட்டால் மெட்ராஸ். இரண்டும் வேண்டாம் என்றால், உன் அப்பா வீட்டுச் சாய்ப்பு. ஆமாம், நானே எழுதுகிறேன். நீ இல்லாமல் எந்தப் பக்கம் இருந்தும் எனக்கு என்ன ஆகப்போகிறது? நீ சொல். எந்த ஊர் சொல்கிறாயோ அந்த ஊர்.

உன் அத்தான்


பிரிக்பீல்ட்ஸ்
28 மே 1937

அத்தான்,

உங்கள் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான்.

அப்புறம் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். அன்றைக்கே ஆணி வாங்கிவந்து சாய்ப்பை முடிக்க உட்கார்ந்துவிட்டார். பாசாருக்குப் போய்ப் புதுப் பாய் வாங்கி வந்தார். சட்டை மாட்ட மரக்கொக்கி அடித்தார். என் அப்பா நல்லவர், அத்தான்.

ஆனால் ஆணி அடித்துக்கொண்டே பட்டறை ஆட்களிடம் பேசினார். பலகைக்கு இந்தப் பக்கம் நான் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். "நாம்பளா கூப்பிட்டப்ப எகிறுனாரு. நான் என்ன வீட்டோட மாப்பிள்ளையான்னாரு. இப்ப பாத்தியா? நாடே வேணாங்குது. எங்க வர்றாரு? நம்ப வாசலுக்குத்தான்!" ஒருவர் சிரித்தார். "வரட்டும்லா. காலையில நம்ப சாப்பாட்டுத் தூக்கைப் பட்டறைக்குக் கொண்டாரவும் ஒரு ஆளு வேணும்ல." எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாவிடம் போய் நின்றேன். "அவரு வாய்தான் அப்புடி, மனசு தங்கம்" என்றாள். தங்கம்தான். ஆனால் நீங்கள் பொழுதெல்லாம் கூடவே இருக்கப்போவது அந்த வாயோடு.

முடிவை இப்போது சொல்லமாட்டேன். எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும். என்னை அவசரப்படுத்தாதீர்கள்.

புஷ்பவல்லி


ரங்கூன்
11 ஜூன் 1937

புஷ்பம்,

அவசரப்படுத்தவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பெட்டியில் இரண்டு வேட்டியை வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். எந்த ஊருக்குக் கட்டுகிறோம் என்று தெரியாமல் பெட்டி கட்டுவது கஷ்டமாக இருக்கிறது. மெட்ராஸ் என்றால் என் கண்ணில் வெறும் வெயில்தான் வருகிறது, மனிதர் யாரும் வரவில்லை.

ஆபீசில் முகவரி தெளிவில்லாத கடிதங்களை ஒரு கூடையில் போடுவோம். இன்று அந்தக் கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் தூங்கிவிட்டேன். கோ தின் எழுப்பவில்லை.

ஐராவதி இப்போது சிரிக்கிறாளா?

ராதாகிருஷ்ணன்


கிள்ளான்
24 ஜூன் 1937

என் அத்தானுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தீர்களா? தப்பாக எழுதவில்லை. நான் கிள்ளானில் இருக்கிறேன். உங்கள் மகள் என் மடியில் இருக்கிறாள். சிரிக்கிறாள், ஆமாம், சுவரைப் பார்த்தும் சிரிக்கிறாள்.

நிதானமாகப் படியுங்கள். ரங்கூன் வேண்டாம். அங்கே நாம் இருக்க வேண்டுமானால் நானும் பிள்ளையும் துரைக்கு முன்னால் போய் நின்று முகம் காட்ட வேண்டும். இந்த வருஷம் காட்டுவோம். அடுத்த வருஷமும் காட்டச் சொன்னால்? தங்கக் கோபுரம் இன்னும் என் கனவில் வருகிறது, ஆனாலும் வேண்டாம். மெட்ராஸில் நமக்கு ஒரு கதவும் தெரியாது. அப்பா வீட்டுச் சாய்ப்பில் உங்களைத் தூக்குச் சட்டியோடு பார்க்க என்னால் முடியாது. நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள், அது எனக்குத் தெரியும். பொறுத்துக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிடுவீர்கள். அதற்கா உங்களைக் கட்டிக்கொண்டேன்?

எனவே நான் பிரிந்து வந்துவிட்டேன்.

அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். கிள்ளானில் வீரம்மா அக்கா வீட்டுப் பின்னறைக்குக் குடி போகிறேன், அவர் வந்தால் அங்கேதான் வருவார் என்று. வீரம்மா அக்கா அம்மாவோடு ஒரே கப்பலில் வந்தவள். புருஷன் போன பிறகு துறைமுகத்து ஆட்களுக்கு இட்டிலி விற்கிறாள். அப்பாவுக்கு முகம் சிவந்துபோயிற்று.

"எந்த ஊருல எந்தப் பொண்ணு புருசன் இல்லாத நேரத்துல பொறந்த வீட்டை விட்டுத் தனியாப் போவுது?"

"பர்மா போவலியா? இந்தியாவை விட்டு?"

"அது நாடு! நீ எம் மவ!"

"மவதான் அப்பா. மவ இல்லைன்னா சொன்னேன்? வீடு வேற, அவ்வளவுதான்."

உடனே பாகப் பிரிவினை ஆரம்பமாயிற்று. நீங்கள் கடிகாரத்தைப் பற்றி எழுதினீர்களே, இங்கே தையல் மெஷின். கல்யாணச் சீராக அப்பா வாங்கிக் கொடுத்தது, கப்பலில் ஏற்ற முடியாமல் இங்கேயே விட்டுப்போனேனே, அது. "நான் வாங்குனது, வாசலைத் தாண்டாது" என்றார் அப்பா. கந்தையா கிராணி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "மேஸ்திரியார், சீதனம் எண்டால் அது பெட்டையின்ரை சொத்து. எங்கடை ஊர்ச் சட்டத்திலை அப்பிடித்தான்" என்றார். பெட்டை என்றால் அங்கே பெண்பிள்ளை. "இது உங்க ஊரு இல்ல!" என்று அப்பா கத்தினார். "உங்கடை ஊரும் இல்லைத்தானே" என்றார் அவர். அப்பா வாசலை விட்டு விலகி உள்ளே போய்விட்டார். மெஷினையும் என்னையும் பிள்ளையையும் குணபூசணி அக்காதான் ரயிலேற்றினாள். அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை.

தனி ராஜ்யம் என்றால் என்ன என்று உங்கள் கோ தின்னுக்கும் துரைக்கும் தெரியுமோ என்னவோ, எனக்கு ஒரே நாளில் தெரிந்துவிட்டது. முதல் நாள் அடுப்பை மூட்டி உலை வைத்துவிட்டுப் பார்க்கிறேன், உப்பு இல்லை. அம்மா வீட்டில் உப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததே கிடையாது. வாளி இல்லை. கயிறு இல்லை. பிள்ளைக்கு மருந்து உரைக்கக் கல் இல்லை. அழுகை அழுகையாக வந்தது. பிள்ளையும் அழுதாள். வீரம்மா அக்கா வந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருல யாரை மொதல்ல தூக்குறது?" என்றாள்.

இப்போது பரவாயில்லை. துறைமுகத்துக் கூலிகள் குடியிருக்கிற லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறேன். பண்டமாரான் தோட்டத்திலிருந்துகூட ஒருத்தி துணி கொண்டுவந்தாள். மத்தியானத்தில் மெஷின் சத்தத்திலேயே பிள்ளை தூங்கிவிடுகிறாள், எனக்கும் கண் சொருகுகிறது. கடலும் கப்பலும் எனக்குள்ளேயே எங்கோ அசைகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் வந்து ராஜ்யத்தை ஆள வேண்டாம், தண்ணீர் இறைத்துக் கொடுத்தால் போதும். வேலையை இங்கே வந்தபிறகு தேடிக்கொள்ளலாம், துறைமுகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆளுக்குப் பஞ்சம்தான்.

இதையெல்லாம் நேற்றே எழுதி முடித்திருப்பேன். எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

வாசலில் தொம்மென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஓர் அம்மி. பெரிய கருங்கல் அம்மி, குழவியோடு, சாக்கில் சுற்றி. ஆள் இல்லை. தெருக்கோடியில் அப்பாவின் முதுகு தெரிந்தது, தோள்பட்டையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. காது கேட்டது, எனக்குத் தெரியும். நடை கொஞ்சம் மெதுவானது.

ஸ்டேஷனிலிருந்து அதைத் தோளிலேயே சுமந்து வந்திருக்கிறார். வழி தெரியாமல் மூன்று இடத்தில் இறக்கி வைத்து விசாரித்தாராம். வீரம்மா அக்கா கடையில் இட்டிலி தின்றுகொண்டிருந்தவர்களிடமும் கேட்டிருக்கிறார். அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் மகள் வீடு எது என்று அவர் கேட்கவில்லை, அத்தான்.

"இங்க ராதாகிருஷ்ணன் வீடு எதுங்க?" என்று கேட்டாராம்.

ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்களும் அப்படியே கேட்டுக்கொண்டு வாருங்கள். இங்கே எல்லோரும் காட்டுவார்கள்.

புஷ்பவல்லி